பேதியில் போகாதவர்களின் கணக்கு

கேள்வி: ‘உலக வரலாற்றை மாற்றிய பத்துப் பேர்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. அலெக்சாண்டர், சீசர், செங்கிஸ்கான், நெப்போலியன், ஹிட்லர் எல்லாரும் இருக்கிறார்கள். கடல் கடந்து கடாரம் வென்ற நம் ராஜேந்திர சோழனைக் காணோம். இது திட்டமிட்ட இருட்டடிப்பு அல்லவா? நீங்கள் பட்டியல் போட்டால் முதல் இடம் யாருக்கு? மீதி ஒன்பது பேர் யார்?

(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: வாட்ஸ்அப்பில் பட்டியல் போடுகிறவர்களுக்குத் திட்டமிடும் பழக்கமெல்லாம் கிடையாது. நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து பெயர்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள், தேர்வு எப்படி நடந்திருக்கிறது என்று புரியும். எத்தனை ஊரைக் கொளுத்தினார், எத்தனை பேரைச் சாகடித்தார் என்பதுதான் அங்கே நுழைவுச்சீட்டு. ஹிட்லருக்குப் பக்கத்தில் நம் ராஜேந்திரனுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி வரிந்துகட்டுகிறீர்களே, அது அவருக்குச் செய்யும் மரியாதைதானா? 1025-இல் கடாரத்துக்குப் போனதைப் பற்றிப் பகிர்கிற அளவுக்கு, கங்கைகொண்ட சோழபுரத்தில் அவர் வெட்டிய ஏரியைப் பற்றி யாரும் பகிர்வதில்லை. சரி, அதை விடுங்கள்.

என் ஓட்டு திலீப் மஹலனாபிஸுக்கு. புள்ளியியல் மேதை மஹலனாபிஸ் வேறு, இவர் வேறு. இவர் குழந்தை மருத்துவர். 1934-இல் இன்றைய வங்கதேசத்தின் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். கல்கத்தாவில் படித்து, இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். குதிரையில் ஏறி வாளை ஓங்கிய படமெல்லாம் அவருக்குக் கிடையாது.

1971-இல் கிழக்கு பாகிஸ்தானில் ராணுவம் வெறியாட்டம் ஆடியபோது சுமார் ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள் ஓடிவந்தார்கள். முகாம்களில் மழையும் சேறும். குடிக்கிற தண்ணீரும் கழிவும் ஒன்றாக ஓடின. காலரா வந்துவிட்டது. நெல்லைப் பக்கம் ‘பேதியில போவான்’ என்று இன்றும் திட்டுகிறார்கள் அல்லவா, அந்தத் திட்டு எங்கிருந்து வந்தது என்பது அந்த முகாம்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காலரா கண்ட உடம்பிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் போய்விடும். காலையில் நடமாடிய ஆள் மாலையில் கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி பிடித்தால் அகப்படாமல் கிடப்பார். கிருமி கொல்வதைவிட இந்த வறட்சி முந்திக்கொண்டு கொன்றுவிடும்.

அப்போது டாக்டர்களுக்குத் தெரிந்த வைத்தியம் நரம்பில் ஊசி குத்தி சலைன் ஏற்றுவது. எல்லையோர ஊரான பன்காவில் மஹலனாபிஸ் போய் இறங்கிய மருத்துவமனையில் காலராவுக்கு என்று இருந்தவை இரண்டே அறைகள். கட்டில் நிரம்பி, தரையும் நிரம்பிவிட்டது. சலைன் ஏற்ற வேண்டுமென்றால் மலத்திலும் வாந்தியிலும் முழங்காலிட்டு உட்கார வேண்டும். ஊசி குத்தத் தெரிந்தவர்கள் அவரோடு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். சலைன் பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன. வந்து இரண்டு நாளைக்குள், இந்தச் சண்டையில் நாம் தோற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லியாக வேண்டும். பேதி கண்டவருக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் உடம்பில் தங்காது. உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. கூடவே குளுக்கோஸ் இருந்தால் கதை வேறு. குடலின் சுவரில் குளுக்கோஸும் உப்பின் சோடியமும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே போகும். உப்பு போன இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராக் கிருமியால் இந்த வாசலை மட்டும் அடைக்க முடிவதில்லை. 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் இதை விளக்கினார். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் சோதித்து, பலிக்கிறது என்று காட்டினார்கள். அதற்கும் முன்னால், 1953-லேயே, கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்பவர் இதே வழியில் நோயாளிகளைக் குணப்படுத்தி எழுதியிருந்தார். உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே கண்டுபிடித்தவர் என்று மஹலனாபிஸைச் சொல்ல மாட்டேன். அவர் செய்தது வேறு. டாக்காவில் நடந்தது ஆஸ்பத்திரிச் சோதனை. போவதையும் கொடுப்பதையும் அளந்து குறிக்க ஆள் இருந்தார்கள். முகாமில் அதற்கு யார் இருக்கிறார்கள்? டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது தாயும் தம்பியும்தான். அவர்களிடமே கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார். ஏதாவது தப்பாகிச் செத்திருந்தால், ‘படிக்காதவன் கையில் மருந்தைக் கொடுத்தவர்’ என்ற பழி காலத்துக்கும் அவர் தலையில்தான் விடிந்திருக்கும்.

லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. மூன்றும் எந்தக் கடைத்தெருவிலும் மலிவாகக் கிடைப்பவை. கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி மையத்திலேயே எடை போட்டு, பாலிதீன் பையில் கொட்டி, சூடான இரும்பால் வாயை ஒட்டி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் வைத்த டிரம்மில் கரைத்து வைத்தார்கள். அதற்கு வைத்த பெயரைத்தான் நான் ரொம்ப ரசிக்கிறேன்: ‘வாய்வழி சலைன்’. சலைன் என்றால் டாக்டர் கொடுக்கிற பெரிய வைத்தியம் என்று ஜனங்களுக்குத் தெரியும். சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்லியிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார்கள். சொந்தக்காரர்கள் டிரம்மில் பிடித்துவந்து டம்ளர் டம்ளராகப் புகட்டினார்கள். முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர் என்று செத்துக்கொண்டிருந்த நோயில், அவர் கவனித்தவர்களிடையே சாவு 3.6 சதவீதமாக இறங்கியது.

டாக்டர்கள் கைதட்டினார்களா? இல்லை. ஊசி இல்லை, பாட்டில் இல்லை, சமையலறைச் சாமானை வைத்துக்கொண்டு இது என்ன வைத்தியம் என்றார்கள். 1973-இல் கட்டுரை வெளிவந்த பிறகும் முணுமுணுப்பு ஓயவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தில் இருந்த திமான் பருவா நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் விடாமல் வாதாடினார். 1978-இல் லான்செட் மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. பென்சிலின் வந்ததும் அதே நூற்றாண்டில்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? பேதி என்றால் ‘வயித்தைக் காயப் போடு’ என்பதுதான் பாட்டிமார் சட்டம். குழந்தை தண்ணீருக்குத் தவிக்கும். கொடுத்தால் இன்னும் போகும் என்று டம்ளரை எடுத்து மேலே வைத்துவிடுவார்கள். தவித்தே செத்த குழந்தைகளின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகம் முழுக்க வயிற்றுப்போக்கில் இறந்த சின்னஞ்சிறு குழந்தைகள் ஆண்டுக்கு 46 லட்சம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இன்று அது ஐந்து லட்சத்துக்குக் கீழே. கழிப்பறை, நல்ல தண்ணீர், தடுப்பூசி எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கரைசல் மட்டும் காப்பாற்றிய உயிர்கள் ஐந்து கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். செங்கிஸ்கானின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2022 அக்டோபரில் கொல்கத்தாவில் இறந்தார், 87 வயதில். அடுத்த ஆண்டு பத்மவிபூஷண் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது கொடுக்க ஐம்பது வருஷம் அவகாசம் இருந்தது. இருட்டடிப்பு என்ற சொல்லை அடுத்த முறை எங்கே பயன்படுத்தலாம் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மீதி ஒன்பது பேர் யார் என்று கேட்டிருந்தீர்கள். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 தொடங்கிப் பத்து வருஷம் வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. பொட்டலம்கூட இல்லாமல், மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்து, அந்த வீட்டுத் தாயையே கரைத்துக் காட்டச் சொன்னார்கள். பிறகு வேறொருவர் போய்ச் சில வீடுகளில் கேள்வி கேட்பார். தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம். (நம் வாத்தியார்களுக்கு இப்படி ஒரு விதி வந்தால் என்று நினைத்துப் பார்த்தேன், உடனே நிறுத்திக்கொண்டேன்.) உப்பு கூடிவிடக் கூடாது என்பதால், தாய் கரைத்ததில் கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். என் பட்டியலின் ஒன்பது இடங்களுக்கும் ஆள் அங்கேயே இருக்கிறார்கள். பெயர் தெரியாததால் அச்சிட வழியில்லை.

ராஜேந்திரனுக்கு வருகிறேன். ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று அவர் மெய்க்கீர்த்தியில் கடாரப் பகுதி தொடங்கி, பிடித்த ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. அந்தப் பல கலங்களில் போனவர்களில் எத்தனை பேர் பேதியில் போனார்கள் என்பது அதில் இல்லை.