பொம்பாவில் சேர்வதா, மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பதா?

கேள்வி கேட்ட தம்பிக்கு 18 வயது, தோட்டத்துப் பிள்ளை, எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவத் தேர்வு, முடித்தாகிவிட்டது. ஊர் பொம்பாவில், அதாவது தீயணைப்பு மீட்புப் படையில், சேர ஆசை. மாமா ஒருவர் மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பு நல்லது என்கிறாராம். அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாமாம், 'நெருப்புக்குள்ள போய்ச் சாகணுமா' என்கிறாராம்.

நான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலம், பகாவ் பக்கம். பகலில் மோட்டார் பட்டறை, கூப்பிட்டால் பொம்பா. அதாவது சம்பள வேலை கிடையாது, 11 வருடமாகத் தன்னார்வலன். அதனால் அதிகாரி மாதிரி பதில் சொல்ல மாட்டேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், நெருப்பை நினைத்துக்கொண்டு வராதே. வருடத்தில் நான் நெருப்பைப் பார்த்த நாள்களை விடப் பாம்பைப் பார்த்த நாள்கள்தான் அதிகம். கோழிக்கூட்டில் மலைப்பாம்பு, குளியலறையில் நாகம், பள்ளிக்கூடத்து மரத்தில் குளவிக்கூடு, அதைக் கலைக்க இரவு ஆகும்வரை காத்திருக்க வேண்டும், பகலில் போனால் பாதிக் குளவி வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். மழை பெய்தால் ரோட்டில் விழுந்த மரம். அப்புறம் விபத்து, விபத்து, விபத்து. செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் மோட்டார் சைக்கிளும் ஒரே ரோட்டில் ஓடுகிற ஊரில் வேறு என்ன எதிர்பார்க்கிறாய். நடுநடுவே லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒன்று எரியும், பலகை வீடு என்பதால் நாங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் பக்கத்து வீட்டைக் காப்பாற்றுகிற வேலைதான் மிச்சமிருக்கும். அந்த எரிச்சல் ஒன்று எப்போதும் உண்டு. ஒருமுறை ஒரு தோட்டத்து கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஜாகா, காவலாளி, சாப்பிடப் போயிருக்கிறார், உள்ளே புகை தெரிகிறது, வெளியே நாங்கள் கட்டர் தேடுகிறோம்.

என்னுடைய முதல் விபத்தைச் சொல்கிறேன். கோலப்பிலா போகிற ரோடு, இரவு பத்து மணி இருக்கும். இளைஞன், உன் வயதுதான். நான் டார்ச் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. பிடித்தேன், ஒரு நிமிஷம் கழித்து டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். யாரும் திட்டவில்லை. வேலை முடிந்ததும் ஒரு மலாய் அபாங் (அண்ணன்) தண்ணீர் போத்தலைக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் பயிற்சிக்கு வருவாயா என்று மட்டும் கேட்டார். நான் போனேன். என்னோடு சேர்ந்த மூன்று பேரில் ஒருவர் அதற்கப்புறம் வரவே இல்லை, அவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று சம்பளம், பென்ஷன், சீருடை எல்லாம் கழுத்தைப் பிடிப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது லாபம்தானே.

அதனால்தான் உன்னிடம் முதலில் தன்னார்வலராக வா என்கிறேன். பக்கத்து பொம்பா நிலையத்துக்கு நேராகப் போய்க் கேள். பொம்பா பந்துவான் என்று நிலையத்தோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வேலை செய்த நேரத்துக்குச் சின்னப் படி கொடுப்பார்கள். பொம்பா சுக்காரேலா என்று ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற படையும் சில ஊர்களில் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் ஆறு மாதம் போய் வா. குழாய் சுருட்டு, லோரி கழுவு, முடிச்சுப் போடக் கற்றுக்கொள். அலுப்பாக இருக்கும். அலுப்பு பிடிக்கவில்லை என்றால் முழுநேர வேலையும் பிடிக்காது, ஏனென்றால் அங்கேயும் பாதி இதுதான்.

பி.ஏ. செட் என்று முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு புகைக்குள் போகிற பயிற்சி ஒன்று உண்டு. நான் பட்டறையில் இரும்பு தூக்குகிறவன், தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். இருட்டு, சூடு, முகமூடி, மூச்சு இஷ்டத்துக்கு ஓடுகிறது. காற்று குறைந்தால் விசில் அடிக்கும், எல்லாருக்கும் முன்னால் என் விசில்தான் அடித்தது. என்னோடு வந்த ஒல்லிப் பையன், ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தவன், மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு கடைசி ஆளாக வெளியே வந்தான். உடம்பு முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பெரிய உடம்புக்காரனைத்தான் எடுப்பார்கள் என்று உன் நண்பர்கள் சொன்னால் நம்பாதே.

சரி, முழுநேரமாகப் போக வேண்டுமானால் வழி எஸ்.பி.ஏ., அதாவது பொதுச் சேவை ஆணையத்தின், வழிதான், அரசாங்க வேலை பலவற்றுக்கும் போல. இணையத்தில் பதிந்து வைக்க வேண்டும், அந்தப் பதிவுக்கு ஒரு வருடம்தான் ஆயுள், மறக்காமல் புதுப்பி. எடுக்கும்போது கூப்பிடுவார்கள், உடல் தேர்வு இருக்கும், நேர்முகம் இருக்கும். நிறக்குருடு இருந்தால் முடியாது, இப்போதே கண்ணைச் சோதித்துக்கொள். 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகு, தோட்டத்து மண் ரோட்டில் ஓடு, நாய் துரத்தினால் நேரம் குறையும். தேர்வானால் கோலகுபு பாருவிலோ வாக்காஃப் தாப்பாயிலோ இருக்கிற அகாடமி மாதிரி ஓர் இடத்தில் பயிற்சி. தண்டால் எடுக்கும்போது நினைத்துக்கொள், சம்பளத்தோடுதான் வாட்டுகிறார்கள்.

இங்கே நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிற இடம் ஓட்டம் அல்ல, பகாசா மலாயு, அதாவது மலாய் மொழிப் பாடம். எஸ்.பி.எம்.-இல் அந்தப் பாடத்தில் கிரெடிட் வேண்டும். உனக்கு வெறும் பாஸ் மட்டும் என்றால் அந்த ஒரு பாடத்தைத் திரும்ப எழுதலாம், அதற்கென்றே தேர்வு வைக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் அதை எழுதாமல், 'ஆள் இருக்கு, உள்ளே தள்ளிவிடுவேன்' என்று சொன்ன ஒருவருக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தான். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, அந்த ஆளின் போன் இன்றுவரை அடிக்கவில்லை. எஸ்.பி.ஏ.-வில் பதிவதற்குக் காசு கிடையாது. யாராவது காசு கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்.

மாமா சொன்ன படிப்பு வேறு பாதை. மலாயில் பெனோலோங் பெகவாய் பெருபாத்தான் என்பார்கள், நம் ஆட்கள் இன்னும் எச்.ஏ. என்றே சொல்கிறார்கள், உன் பாட்டியிடம் கேட்டால் 'நம்ம தோட்டத்து டிரெஸ்ஸர்' என்பார். அந்த டிரெஸ்ஸர் பரம்பரையில் வந்த வேலைதான் இது. மூன்று வருட டிப்ளோமா, நம் சிரம்பானிலேயே சுகாதார அமைச்சின் கல்லூரி இருக்கிறது. மலாய், கணிதம், அறிவியல் பாடங்களில் கிரெடிட் தேவை, முடித்தால் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஆள். எமர்ஜென்சி வார்டு, அம்புலன்ஸ், கிளினிக் என்று எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். தெரிந்துகொள், பொம்பாவிலேயே இ.எம்.ஆர்.எஸ். என்று முதலுதவிப் பிரிவும் சொந்த அம்புலன்ஸும் உண்டு, ஆகவே இரண்டு பாதையும் நீ நினைக்கிற அளவு தூரம் இல்லை.

என்னைக் கேட்டால் உன் மார்க் இடம் கொடுத்தால் மாமா சொன்னதுக்கே போ என்பேன். ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் லயத்தில் ஒரு பெரியவர், செம்பனை வெட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் இரவு அவர் மகள் வந்து கதவைத் தட்டினாள், அப்பாவுக்கு வாயு பிடித்திருக்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் அண்ணே என்று. போனால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், மனைவி நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்க்கிறார், கையில் ஹண்ட்ரட் பிளஸ் பானம். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்கிறார். ஆனால் சட்டை நனைந்திருக்கிறது, காற்றாடி ஓடுகிறது, மழை இரவு வேறு, இவ்வளவு வேர்வை எதற்கு? 'மாமா, எப்படி வலிக்குது, சரியா சொல்லுங்க' என்றேன். 'நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குப்பா, தாடை வரைக்கும் இழுக்குது' என்றார். அவசர எண் 999-க்கு அடித்தேன். முகவரி கேட்டார்கள், தோட்டத்துக்கு ஏது வீட்டு எண், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது லயம், கேட்டில் ஆள் நிறுத்துகிறேன் என்று சொல்லி, அவர் மகனை டார்ச்சோடு ரோட்டுக்கு அனுப்பினேன். பெரியவர் நானே நடந்து வருகிறேன் என்று எழுந்தார், உட்கார வைத்துவிட்டேன், அந்த நேரம் நடக்கவே விடக்கூடாது. அம்புலன்ஸ் வந்தது. வந்தவர் நல்ல பிள்ளை, மலாயில் பொறுமையாகத்தான் கேட்டார், நெஞ்சு வலியா பாக்சிக் (மாமா) என்று. பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? 'தாக் அடா, ஆங்கின் சாஜா.' ஒன்றுமில்லை, வெறும் வாயு. என்னிடம் தமிழில் சொன்னதை அவரிடம் மலாயில் சொல்ல வரவில்லை, வந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், கவர்மெண்டு ஆளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற குணம். நான்தான் யானை உட்கார்ந்த மாதிரி என்கிறார், தாடை இழுக்கிறது என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். யானை நான் சேர்த்தது. ஜெம்போல் மருத்துவமனைக்கு எடுத்துப்போனார்கள், மாரடைப்புதான். ஆள் இன்றைக்கும் காலையில் தேத்தண்ணிக் கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்கு நான் செய்தது எச்.ஏ. வேலை இல்லை, பாதிதான். எனக்கு ஈ.சி.ஜி. பார்க்கத் தெரியாது, மருந்து கொடுக்க உரிமை இல்லை. அந்த அம்புலன்சில் தமிழ் காதில் விழுகிற ஒருவன் சீருடையோடு வந்திருந்தால் நான் எதற்கு? எங்கள் பக்கம் அப்படி ஆள்களைக் குறைவாகத்தான் பார்க்கிறேன், கிழவர் கிழவிகளோ இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களுடைய வலியெல்லாம் தமிழில்தான் வருகிறது.

எதற்குப் போனாலும் இப்போதே ஒரு முதலுதவி வகுப்பு எடுத்துவிடு, செயிண்ட் ஜோன் அல்லது பூலான் சாபிட் மேரா (செம்பிறைச் சங்கம்). சி.பி.ஆர். பொம்மையில் அழுத்தும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்தில் கை நடுங்கும், அடுத்த ஆளுக்கு மாற்ற வேண்டும்.

அம்மா பயப்படுவது தப்பில்லை. 2018 அக்டோபரில் பூச்சோங் பக்கம் ஈயக் குளத்தில் விழுந்த பையனைத் தேடப்போன பொம்பா வீரர்கள் ஆறு பேரைத் தண்ணீர் கொண்டுபோனதே, அது என் அம்மாவுக்கும் தெரியும். அந்த வாரம் அவர் என் பூட்ஸை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். இரண்டு நாள் தேடினேன், கடைசியில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. அப்புறம் நிலையத்தில் பொது மக்கள் பார்க்கிற நாள் ஒன்று வந்தது, அவரைக் கூட்டிப்போனேன். கயிறு எப்படிக் கட்டுகிறார்கள், யார் யாரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பார்த்தார், அந்த மலாய் அபாங்கிடம் தெரிந்த மலாயில் எதையோ கேட்டார், வீட்டுக்கு வந்து பூட்ஸை வாசலில் வைத்தார். என்ன கேட்டார் என்று இன்றுவரை இருவருமே சொல்லவில்லை. நீயும் நிலையத்துக்குத் தனியாகப் போகாதே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, காலை பத்து மணிக்கு மேல் போனால் பேச ஆள் இருப்பார்கள்.