கைப்பேசியில் கதை எழுதுவோருக்கு: சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கே: அக்கா, இப்போதுதான் எழுதத் தொடங்குகிறேன். எந்தச் செயலிகளை இறக்கிக்கொள்வது?

இரண்டு போதும் தம்பி, ஒரு விசைப்பலகையும் எழுத ஓர் இடமும். விசைப்பலகைக்குச் செல்லினம் அல்லது கூகுளின் ஜிபோர்டு. செல்லினம் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது, 2005இல் வெளிவந்தது. எழுதுவதற்குக் கூகுள் டாக்ஸ். கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் முழுக்கதை எழுத வேண்டாம். ஒரு குறிப்பில் ஏறத்தாழ 20,000 குறிகள்தான் கொள்ளும். தமிழில் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கைப்பேசிக்கு ஐந்து. அதனால் கொஞ்சம் நீண்ட சிறுகதையே வரம்பைத் தொட்டுவிடும்.

கே: ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றுகிறேன். ல, ழ, ள மூன்றிலும் தடுமாற்றம்.

தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்புக்கு மாறிவிடுங்கள். அதில் ஒவ்வோர் உயிருக்கும் மெய்க்கும் தனி விசை, ஊகிக்க வேண்டியதில்லை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘தோட்டம்’ என்பதற்கு த, ஓ, ட, ட, ம, புள்ளி என ஆறு தட்டு. ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ போன்ற இணைகளுக்கும் அப்படியே. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே ‘அ’ தட்டுங்கள். முதல் சில நாள் கை தடுமாறும். அதற்காகப் பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

கே: செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைப்பதில்லை. டாக்ஸ் திறக்கவே மாட்டேன் என்கிறது.

வீட்டில் லைன் இருக்கும்போதே கோப்பின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, இணையமின்றிப் பயன்படுத்தும் தெரிவை இயக்கி வையுங்கள். காட்டுக்குள் போன பிறகு அதைச் செய்ய முடியாது. எழுதியதெல்லாம் லைன் வந்ததும் மேலேறும். அது ஏறி முடியும்வரை செயலியை நீக்கவோ அதன் தரவை அழிக்கவோ கூடாது. கதைகள் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கே: நாம் பேசினால் விசைப்பலகையே எழுதித் தருமாமே? தோட்டத்துப் பேச்சைப் பிடிக்குமா டீச்சர்?

எழுத்து நடையை ஓரளவு நன்றாகப் பிடிக்கும். பேச்சு வழக்கில்தான் சிக்கல். ‘பெரட்டு’ (காலையில் ஆள் கணக்கெடுப்பது), ‘மங்கு’ (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்), ‘கித்தா’ (ரப்பர்) போன்றவற்றை வேறு சொல்லாக மாற்றிவிடும், ஏனெனில் அது தனக்குப் பழகிய சொற்களில் நெருங்கியதைத் தேடி எடுக்கிறது. வருணனையைப் பேசி எழுதுங்கள், உரையாடலைக் கையால் தட்டுங்கள். ஜிபோர்டு அமைப்புகளில் அகராதி, அதனுள் சொந்த அகராதி, பிறகு தமிழ் என்று போய் இந்தச் சொற்களைச் சேர்த்து வைத்தால், தட்டும்போது பரிந்துரையாக வரும். உங்கள் தோட்டத்துச் சொற்கள் கதையில் இருந்தே ஆக வேண்டும். கருவிக்குத் தெரியவில்லை என்பதற்காக ‘மங்கு’வைக் ‘கிண்ணம்’ ஆக்கிவிடாதீர்கள்.

லைன் இல்லாத இடத்தில் குரல்பதிவுச் செயலியில் பேசிவிட்டு, இரவில் கேட்டுத் தட்டலாம்.

கே: ஞாயிறு பதிப்புக்கு அனுப்பிய கதை புரியாத குறிகளாகத் தெரிகிறதாம்.

பழைய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத்தான் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியால், எல்லாக் கருவிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்றிய பின் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும், சில எழுத்துகள் பிசகும். புத்தகமாக அச்சிடும்போது கொம்பு இடம் மாறி விழுந்தால், இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற தெரிவைத் தேர்ந்தெடுக்கும்படி பக்கம் அமைப்பவரிடம் சொல்லுங்கள்.

கே: ஒற்றுப்பிழை பார்க்க ஏதாவது உண்டா?

நீச்சல்காரன் உருவாக்கிய இரண்டு இணையக் கருவிகள் உண்டு, நாவி சந்திப்பிழைக்கு (ஒற்றுப்பிழைக்கு), வாணி எழுத்துப்பிழைக்கு. உரையாடல் வரிகளை அவற்றில் போடாதீர்கள், பேச்சு வழக்கெல்லாம் பிழையாகத் தெரியும். இன்னொரு வழி, கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் திரையைப் படித்துக் காட்டும் வசதியைத் தமிழ்க் குரலில் வைத்துக் கதையைக் கேட்பது. விட்டுப்போன சொல்லும் இரண்டு முறை வந்த சொல்லும் காதில் உடனே தட்டுப்படும்.

கே: செயற்கை நுண்ணறிவிடம் கதையே கேட்டால் என்ன, டீச்சர்?

என் மாணவருக்கு நான் அனுமதிக்க மாட்டேன். பால்மரக் காட்சி கேட்டால் எந்த ஊருக்கும் பொருந்துகிற வரிகள்தான் பெரும்பாலும் வரும். எழுதி முடித்த கதையைக் கொடுத்து, ‘எந்தப் பத்தியில் காலம் குழம்புகிறது, எந்தப் பாத்திரத்தின் பெயர் மாறியிருக்கிறது?’ என்று கேளுங்கள். அது சொல்வதைக் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நீங்களே திருத்துங்கள்.