மறு: ஆறு பலகைப் பைன் பெட்டி, 1790 என்கிறார் விற்பவர், 900 டாலர் கொடுக்கலாமா?

1790-இல் செய்த பெட்டி என்று நம்பி 900 டாலர் கொடுக்காதீர்கள். நீங்கள் போட்ட மூன்றாவது படத்தில், அடிப்பலகையின் கீழ்ப்புறம் வில் மாதிரி வளைந்த கோடுகள் தெரிகின்றன. அது வட்ட ரம்பத்தின் தடம். அமெரிக்க மர ஆலைகளில் வட்ட ரம்பம் பரவியது 1830-ஐ ஒட்டித்தான். அதற்கு முந்தைய ஆலை ரம்பம் மேலும் கீழும் ஓடும். கோடுகள் நேராக விழும்.

ஆனால் பெட்டி பழையதாகவே இருந்து, அடிப்பலகை மட்டும் உளுத்துப்போய் யாரோ மாற்றியிருக்கலாம். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பெட்டிகளில் இது சகஜம்.

திரும்பப் போகும்போது டார்ச் கொண்டுபோங்கள். மூடியின் உட்புறத்தில் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால், கையால் இழைத்த மரத்தில் மெல்லிய அலை தெரியும். விரலால் தடவினாலே சொல்லிவிடலாம். அப்புறம் ஆணி: கொல்லன் அடித்ததென்றால் நான்கு பக்கமும் நுனியை நோக்கிக் குறுகும், கொண்டையில் சுத்தியல் பட்ட தட்டைப் பட்டைகள் இருக்கும். உருண்டைக் கம்பி ஆணி 1880-களுக்குப் பிறகுதான் பரவியது. ஆனால் ஆணியை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஆணியைப் பிடுங்கிப் புதுப் பெட்டியில் அடிப்பவர்கள் உண்டு. நானே ஒரு முறை ஏமாந்தேன். ஆணி நெடுநாளாக அங்கேயே இருந்ததா என்று அறிய, அதைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறதா பாருங்கள்.

பெட்டியில் இருக்கும் அந்த நீலப் பெயின்டைச் சுரண்டவே வேண்டாம், மதிப்பே அதில்தான். ஈயம் இருக்கலாம், அதனால் குழந்தை துணிகளை உள்ளே வைக்காதீர்கள்.