சம்பளத்துக்கு விண்டோஸ், வீட்டுக்கு லினக்ஸ்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

வீடு சத்துவாச்சாரி. வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில். ஆலையில் நான் பார்த்துக்கொள்ளும் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ். வீட்டில் டெபியன் தவிர வேறில்லை; யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்கிற 'கட்டற்ற' லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று அது. "ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்பவர்கள் அதிகமானதால், கேள்விகளை வாங்கிச் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, காலேஜில் பசங்களோட லேப்டாப்புக்கெல்லாம் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். இப்போ சென்னையில் வேலை. கம்பெனி கொடுத்த மெஷினில் விண்டோஸ், அவுட்லுக், டீம்ஸ். மென்பொருள் சுதந்திரம்னு அன்னைக்குப் பேசினதெல்லாம் வெறும் பேச்சுதானா?

இல்லை தம்பி. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983 செப்டம்பரில் அறிவித்தபோது அப்படி முழுமையான ஒன்று கிடையாது. குனு கருவிகளை எழுத அவர் தனியுரிம (நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கும்) யூனிக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளில்தான் உட்கார வேண்டியிருந்தது. மாற்றை உருவாக்குவதற்காகப் பயன்படுத்தினால் அது நியாயம் என்பது அவர் வாதம். உன் ஆபீஸ் வேலை அந்தக் கணக்கில் வராது. அவர் அளவுகோலில் அது விட்டுக்கொடுத்தல்தான், அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

ஆனால் வாடகையும் அம்மாவின் மருந்துச் செலவும் இருக்கிற வீட்டில் வேலையை உதறிவிட்டு வா என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எந்த முடிவு யார் கையில் இருக்கிறது? கம்பெனி மெஷினில் என்ன ஓட வேண்டும் என்பது கம்பெனியின் முடிவு. நீ எழுதும் ஸ்கிரிப்ட்டை எந்த மொழியில் எழுதுகிறாய், ஆவணத்தை எந்த வடிவத்தில் சேமிக்கிறாய், புதுசாக ஒரு மென்பொருள் வாங்கலாமா என்று கூட்டத்தில் கேட்கும்போது என்ன சொல்கிறாய் என்பதெல்லாம் உன் முடிவு. அங்கே வாயைத் திற. கூடவே இன்னொன்று: கம்பெனி மெஷினில் உன் சொந்தக் கடவுச்சொல், சொந்தப் படம் எதையும் வைக்காதே.

வேலூர் லாங் பஜார் பக்கம் அச்சகம் வைத்திருப்பவர்: தம்பி, இருபது வருஷமா கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். எல்லாம் பேஜ்மேக்கர்ல பக்கம் அமைச்சு, பாமினி எழுத்துல அடிக்கிறதுதான். மென்பொருள் எல்லாம் யாரோ போட்டுக் கொடுத்ததுதான், காசு கொடுத்து வாங்கினதில்லை. கட்டற்ற மென்பொருளுக்கு வான்னு பையன் நச்சரிக்கிறான். எங்க வேலைக்கு அது ஒத்து வருமா?

வரும் ஐயா, ஒரே நாளில் வராது. முதலில் அந்தக் 'காசு கொடுக்காத' விஷயத்தைப் பேசிவிடுவோம். க்ராக் போட்ட, அதாவது லைசென்ஸ் இல்லாமல் ஓட வைத்த மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் சுதந்திரம் கிடைக்கவில்லை; உள்ளே பார்க்கவோ திருத்தவோ விடாத பூட்டு அப்படியே இருக்கிறது, சட்டச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, கள்ள நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்காகப் பயன்படுத்தும் உங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது உங்கள் பழைய கோப்புகள். என்னைக் கேட்டால் இதுதான் ரொம்ப அவசரம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-ல். அதை வெளியிட்ட அடோபி அதன்பிறகு இன்டிசைன் என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது, இன்றைய இன்டிசைன் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை. அந்தக் கோப்புகளை இன்றைக்கும் திறக்கப் பார்ப்பது யார் தெரியுமா? கட்டற்ற அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆபீஸில் வரும் வரைபட மென்பொருள், டிரா. 2015-ல் வந்த 4.4 பதிப்பிலேயே அந்த வசதியைச் சேர்த்துவிட்டார்கள். பக்க அமைப்பு அங்கங்கே நகரும், ஆனால் விஷயம் கைக்கு வந்துவிடும்.

வந்த பிறகுதான் பாமினிச் சிக்கல் தெரியும். பாமினியில் அடித்தது கணினிக்குத் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டிவிட்டது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மாப்பிள்ளை, பெண் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். எந்தக் கணினியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அடிக்கடி எடுக்கும் மாதிரிகளை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

மூன்றாவது, புது வேலைக்கு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க அமைப்பு மென்பொருள். நான்கு வண்ண அச்சுக்கான சிஎம்ஒய்கே, அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப் எல்லாம் அதில் உண்டு. முன்பு யாராவது உங்களிடம் "அதுல தமிழ் ஒழுங்கா வராது" என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு அது உண்மைதான். பழைய 1.4 பதிப்பில் 'கொ' அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். 2024-ல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் சரியாக வருகிறது. பையனை உட்கார வைத்து விசிட்டிங் கார்டு, பில் புக் போன்ற சின்ன வேலைகளை அதில் செய்யச் சொல்லுங்கள். முகூர்த்த சீசனில் மட்டும் எதையும் மாற்றாதீர்கள்.

குடியாத்தத்தில் கணக்கு எழுதும் சகோதரி: சார், ஆடிட்டர் டேலி ஃபைல்தான் கேட்கிறார். நான் வேற எதுக்கும் மாற முடியாது. எனக்கு என்ன வழி?

மாற வேண்டாம். முறையான லைசென்ஸோடு டேலியிலேயே இருங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: மார்ச் கணக்கு முடிந்ததும் டே புக், லெட்ஜர், ஸ்டாக் சம்மரி மூன்றையும் எக்ஸெல்லாகவோ எக்ஸ்எம்எல்லாகவோ எடுத்துத் தனியாக வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதற்குள் கடை முதலாளி மென்பொருளை மாற்றலாம், லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விடலாம். வெறும் டேலி பேக்கப் மட்டும் இருந்தால் அதைத் திறக்க மறுபடியும் டேலியைத்தான் தேட வேண்டும். முதலாளி எப்போதாவது மாற நினைத்தால் இஆர்பிநெக்ஸ்ட் என்று ஒரு கட்டற்ற கணக்கு, நிர்வாக மென்பொருள் இருக்கிறது. மும்பைக்காரர்கள் உருவாக்கியது, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம், ஜிஎஸ்டிக்கும் வசதி உண்டு.

திருப்பத்தூரிலிருந்து, பெங்களூரில் வேலை செய்பவர்: கம்பெனியில் ஒரு ஜிபிஎல் நிரலைத் திருத்தி உள்ளுக்குள் ஓட்டுகிறோம். இது மீறலா? அப்புறம், அந்தத் திருத்தத்தை நான் வெளியில் கொடுக்கலாமா?

மீறல் இல்லை. நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் வரை மூலநிரலை (நிரலாளர் எழுதிய வரிகளை) வெளியே தர வேண்டும் என்று ஜிபிஎல் கேட்பதில்லை. வெளியாருக்கு நிரலைக் கொடுக்கும்போதுதான் கடமை வருகிறது. உரிமம் ஜிபிஎல்லின் கடுமையான வடிவமான ஏஜிபிஎல் என்றால் கதை வேறு. திருத்திய நிரலைச் சர்வரில் வைத்து வெளியார் இணையம் வழியே பயன்படுத்தினாலே மூலநிரலை அவர்களுக்குத் தர வேண்டும்.

நீங்களாக வெளியில் கொடுக்க முடியாது. வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். அதே பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(சி). மேலாளரிடம் கேட்டு மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். கொள்கை பேசிக் கேட்காதீர்கள். "நாமே வெச்சுக்கிட்டா ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் இந்தத் திருத்தத்தை மறுபடி ஒட்டணும், மூலத் திட்டத்துக்கே கொடுத்துட்டா அவங்க பார்த்துப்பாங்க" என்று சொல்லுங்கள். என் அனுபவத்தில் இந்த வாதம்தான் எடுபடுகிறது. புது வேலையில் சேரப்போகிறீர்கள் என்றால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ராத்திரி வீட்டில் சொந்தக் கணினியில் எழுதுவதும் எங்களுக்கே என்று எழுதிவைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு.

ஆற்காட்டிலிருந்து ஒரு ஆசிரியை: வேலைக்குப் போற இடத்தில் எம்.எஸ். ஆபீஸ்தானே கேட்கிறார்கள்? பிள்ளைகளுக்கு லிப்ரே ஆபீஸ் சொல்லிக் கொடுத்து அவங்க வாழ்க்கையைக் கெடுக்கலாமா?

டீச்சர், இந்த ஒரு கேள்வியில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அலுவலகத்தில் நாம் சம்பளத்துக்காக ஒத்துப்போகிறோம். வகுப்பறையில் பிள்ளைகளுக்காக நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். விலை கொடுக்க வேண்டிய மென்பொருளைப் பாடமாக வைத்தால், பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை அதை எங்கே போய் வாங்கும்? க்ராக்தான் போடும். லிப்ரே ஆபீஸ் என்றால் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம், சட்டப்படியே. கேரளாவில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் குனு/லினக்ஸில்தான் கணினி கற்றுத் தருகின்றன. சூத்திரம், அட்டவணை, தலைப்புப் பாணி புரிந்த பிள்ளை எந்த ஆபீஸையும் கொஞ்ச நாளில் பிடித்துக்கொள்ளும்.

வாலாஜாவில் ஜெராக்ஸ் கடை: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுதாமே? என் பழைய மெஷின்ல 11 ஏறாதாம். தூக்கிப் போடவா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. லினக்ஸ் மின்ட் போடுங்கள். போடும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கைரேகைக் கருவி வைத்து ஏதாவது சேவை செய்தால், அந்த ஒரு மெஷினை மட்டும் விண்டோஸில் விட்டுவிடுங்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுபவர்: எங்க கேட் (CAD) வடிவமைப்பு மென்பொருள், டாங்கிள்ங்கிற சின்ன லைசென்ஸ் சாவியைக் கணினியில் செருகினால்தான் திறக்கும். இதுக்குக் கட்டற்ற மாற்று இருக்கா அண்ணா?

லாஸ்டில் (பாத வடிவ அச்சில்) வளைந்து நிற்கும் வடிவத்தைத் தட்டையாக்கி, சைஸ் வாரியாகப் பெரிதாக்கிச் சிறிதாக்கி (கிரேடிங்), கட்டிங் மெஷினுக்கு அனுப்புவது வரை முழுசாகச் செய்கிற அளவுக்கு நான் எதையும் பார்க்கவில்லை. தட்டை வரைபடத்துக்கு லிப்ரேகேட் உண்டு, அது உங்கள் வேலையில் ஒரு பகுதிக்குத்தான் ஆகும். அதனால் டாங்கிளோடுதான் இருந்தாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஸ்டைலும் முடிந்ததும் ஒவ்வொரு துண்டையும் டிஎக்ஸ்எஃப் (வேறு வரைபட மென்பொருளிலும் திறக்கும் கோப்பு வடிவம்) ஆக எக்ஸ்போர்ட் செய்து, ஸ்டைல் எண், லாஸ்ட் எண் போட்டுத் தனி ஃபோல்டரில் வையுங்கள். எக்ஸ்போர்ட் ஆனதை லிப்ரேகேடில் திறந்து ஒரு அளவையாவது சரிபாருங்கள். மில்லிமீட்டர் அங்குலமாக மாறி வருவது உண்டு. பழைய பையர் அதே ஸ்டைலை மறுபடி கேட்கும் நாளில் டாங்கிள் பழுதாகியிருந்தாலும் அந்த ஃபோல்டர் இருந்தால் கட்டிங்கை ஆரம்பித்துவிடலாம்.