போடியார் வீடு யாருடையது?

அன்புள்ள ஐயா,

எங்களுடையது மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் போடியார் குடும்பம், அதாவது வயல் நிலம் நிறைய வைத்திருந்த குடும்பம். அறுவடைக் காலத்தில் நாற்பது பேருக்கு உலை வைத்த வீடு என்று அம்மா சொல்வார். வம்சாவளி எழுதுவோம் என்று அம்மப்பாவின் தந்தையிலிருந்து தொடங்கினேன். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. காணி உறுதியைப் பார்த்தால் வளவு அம்மம்மாவின் பெயரில் இருக்கிறது. அம்மப்பா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவராம். அப்படியென்றால் இது எப்படிப் போடியார் வீடு?

வாசகி, கொழும்பு

அன்புள்ள மகளுக்கு,

மட்டக்களப்பில் கலியாணம் முடித்த ஆண்கள் பெரும்பாலும் வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். எல்லோரும் அப்படி என்பதால் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போகும். பெற்றோர் இளைய பிள்ளைகளோடு அருகிலேயே இன்னொரு வீடு கட்டிக் குடிபோவார்கள். அடுத்தவளுக்குக் கலியாணம் என்றால் அதையும் கொடுத்துவிட்டு மறுபடி நகர்வார்கள். என் அம்மப்பாவுக்கு நான்கு பெண்கள். வயல்வட்டை முழுவதும் மதித்த போடியார், கடைசிக் காலத்தில் பாய் விரித்துப் படுத்தது கடைசி மகளின் குசினிக்குப் பக்கத்துத் தாழ்வாரப் பத்தியில். அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. குழம்பு மணக்கும் இடம் என்பார்.

ஆகவே உங்கள் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். அம்மா, அம்மம்மா, அவருடைய தாய் என்று குடிவழியே, அதாவது குலத்தின் வழியே போங்கள். இங்கே குடி தாயிடமிருந்து வருகிறது. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. நான் பெற்ற பிள்ளைகளே என் குடி அல்ல, மனைவியின் குடி. கரையோர முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. கோயிலில் திருவிழா உரிமையும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பும் குடிவழியே வருவதால், அங்கேயும் விசாரிக்கலாம். இன்னும் பின்னே போனால் மட்டக்களப்பின் பழைய வழக்குச் சட்டமான முக்குவர் சட்டக் காலம் வரும். அப்போது ஆணின் முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, மகனுக்கு அல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. பழைய உறுதிகளில் மகன் பெயரைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள்.

அந்த நாற்பது பேர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். அத்தனை பேரும் உறவினராக இருந்திருக்க வழியில்லை. வயல் வேலைக்குத் தலைவனான முல்லைக்காரனும் அவனோடு வேலை செய்த வயற்காரர்களும் மாதக்கணக்கில் வயல் குடிசையான வாடியில் கிடந்து, பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்து, களவெட்டியில் சூடு மிதித்து நெல்லைப் பிரித்து, அவணம் என்ற அளவுக் கணக்கில் நெல்லைக் கூலியாகப் பெற்றவர்கள். போடியார்மாரின் வரலாற்றை எழுதுபவர்கள் இவர்களைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பிகளில் அவர்கள் பெயர் இருந்தது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு அவையும் போயின. பிறகு அந்தப் பெயர்களை எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னவர் உலை வைத்த அம்மம்மாதான். யாருக்கு உறைப்பு ஆகாது என்பது உட்பட.

உங்கள் அம்மாவிடம் குடியின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அது எங்கள் குடியாக இருந்துவிட்டால் மகள் என்று நான் அழைத்தது பிழை. சகோதரியின் மகள் முறையாகிவிடுவீர்கள், மருமகள் என்று மாற்ற வேண்டியிருக்கும்.