ஆற்றில் பாறைக்குப் பின்னால் உள்ள அமைதியான நீரிலிருந்து வெளியே வந்ததும் கயாக் (சிறிய துடுப்புப் படகு) கவிழ்கிறதா?

ஓட்டத்துக்குள் நுழையும் நொடியில் படகை ஆறு போகும் பக்கம் சாயுங்கள். தண்ணீர் வந்து மோதும் பக்கத்து விளிம்பு உயர்ந்தே இருக்கட்டும்.

அமைதியான நீரைவிட்டு வந்ததுமே ஒவ்வொரு முறையும் ஆறு வரும் பக்கமாகக் கவிழ்வதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் உடம்பு பயத்தில் தானாகவே வரும் தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருக்கும். நீர் அந்த விளிம்பில் ஏறி அமுக்கிவிடும். எனக்கும் இந்தப் பழக்கம் போக நாளானது.

மெதுவான ஓட்டத்தில் சோதியுங்கள். படகின் மூக்கை ஆறு வரும் திசை நோக்கி சுமார் 45 பாகையில் வைத்து, அமைதியான நீருக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான எல்லையை நல்ல வேகத்தோடு கடந்து வாருங்கள். அப்போது ஆறு வரும் பக்கத்து முழங்காலை உயர்த்துங்கள். உடம்பு நேராக இருக்கட்டும், இடுப்புதான் சாய வேண்டும். கவிழவில்லையா, சரி, காரணம் அதுதான்.

ஆனால் சற்றுக் கீழே மரம் விழுந்து கிடந்தால் அங்கே முயலவே வேண்டாம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். அப்புறம், நீரில் விழுந்தால் வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்காதீர்கள், பாறை இடுக்கில் கால் சிக்கும்.