கைதட்டுகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

கேள்வி: எண்பதுகளில் ரேலி என்கிற சாலைப் பந்தயங்களில் ஓடிய ‘குரூப் பி’ பிரிவு கார்கள் என்றால் எனக்கு உயிர். அந்த வேகமும் சத்தமும் இன்றைக்கு எந்த காரிலும் இல்லை. ஐந்தே வருடத்தில் அவற்றைத் தடை செய்தது கோழைத்தனம் இல்லையா? உயிருக்குப் பயந்தால் பந்தயம் எதற்கு? நானும் நண்பர்களும் தனுஷ்கோடி சாலையில் அதே பாணியில் கார் ஓட்டுகிறோம். ஓரத்தில் நிற்பவர்கள் கைதட்டி ரசிக்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், உச்சிப்புளி

பதில்: தம்பி, கார் ஆசையில் நானும் உங்கள் கட்சிதான். அந்தப் பிரிவில் ஓடிய ஆடி குவாட்ரோவின் ஐந்து சிலிண்டர் எஞ்சின் உறுமுவதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். 1983 கடைசியில் நம் ஊர்ச் சாலைகளுக்கு மாருதி 800 வந்தது. அதற்கு நாற்பது குதிரைத்திறன்கூடக் கிடையாது. இரண்டே வருடத்தில் இத்தாலியின் லான்சியா கம்பெனி செய்த டெல்டா எஸ்4 என்ற குரூப் பி கார் ரேலிக்கு இறங்கியது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு, சக்தி ஏறக்குறைய 480 குதிரைத்திறன். எஞ்சின் என்னவோ 1,759 சிசிதான். அதற்கு முந்தைய டர்போ கார்களில், அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி வைத்த கார்களில், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சற்று நேரம் ஒன்றுமே நடக்காது, அப்புறம் மொத்த சக்தியும் ஒரேயடியாக வந்து இறங்கும். அதனால் டிரைவர்கள் வளைவுக்குள் நுழையும்போதே வலது காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு இடது காலால் பிரேக்கைப் பிடிப்பார்கள். லான்சியாக்காரர்கள் அந்தத் தாமதத்தைப் போக்க, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தள்ளுவதற்கு, எஞ்சினோடு சேர்ந்தே சுழன்று காற்றைத் திணிக்கும் ஒரு சூப்பர்சார்ஜர், வேகம் ஏறிய பிறகு டர்போ என்று இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். இதையெல்லாம் ரசிக்காதவனுக்கு இயந்திரத்தின் மேல் பிரியமே இல்லை என்பேன்.

ஆனால் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ரேலி. சிண்ட்ரா மலைப்பாதையில் கூட்டம் சாலையின் மேலேயே நின்றது. கார் வரும்போது கடைசி நொடியில் விலகுவதும், கை நீட்டி அதைத் தொட்டுப் பார்ப்பதும் அன்றைய ரசிகர்களுக்கு வீரம். சாலையில் நின்றவர்களைத் தவிர்க்கப் போன ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் புகுந்தது. மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்று ‘இனி ஓட்ட மாட்டோம்’ என்று போட்டியிலிருந்து விலகியவர்கள் யார் தெரியுமா? நீங்கள் கும்பிடுகிற அதே முன்னணி டிரைவர்கள். அவர்களையா கோழை என்கிறீர்கள்?

அடுத்தது கோர்சிகா தீவு. 1986 மே 2. லான்சியாவின் டிரைவர் ஹென்றி டோய்வோனென் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். வயது 29. தடுப்புச் சுவர் இல்லாத ஒரு இடது வளைவில் அவருடைய டெல்டா எஸ்4 பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. அவரும் பக்கத்தில் அமர்ந்து வழி சொன்ன துணை டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் அங்கேயே இறந்தார்கள். அந்த காரில் பெட்ரோல் டேங்க் இருந்தது இருவரின் இருக்கைகளுக்கு அடியில். மேல்பாகமெல்லாம் எளிதில் எரியும் பிளாஸ்டிக் கலவை. எரிந்து முடிந்தபோது கறுத்த குழாய்ச் சட்டம்தான் மிஞ்சியது. அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, அதே ரேலியில், அதே கம்பெனியின் 037 காரில் அட்டிலியோ பெட்டேகா இறந்திருந்தார். டோய்வோனென் போன பிறகுதான் 1987 முதல் தடை என்று அறிவித்தார்கள். தாமதமான முடிவு என்பதே என் குறை.

இத்தனைக்கும் காரணம் குரூப் பி போட்டியின் விதிப் புத்தகத்தில் இருந்தது. 200 கார் தயாரித்துக் காட்டினால் போதும், அதை மேலும் முறுக்கேற்ற இன்னும் 20 போதும் என்று விதி வைத்தார்கள். கம்பெனிகள் போட்டி போட்டு சக்தியைக் கூட்டின; ஓட்டுகிறவனின் பாதுகாப்பு அந்த வேகத்தில் வளரவில்லை. இந்த கார்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் உங்களுக்கு டேங்க் எங்கே இருந்தது என்பது தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

சரி, தனுஷ்கோடிக்கு வருவோம். ரேலியில் சாலையை அடைத்துவிடுவார்கள். டிரைவர் அதே பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்திருப்பார். பக்கத்தில் ஒருவர் ஒவ்வொரு வளைவையும் வாசித்துக்கொண்டே வருவார். இத்தனையும் இருந்தே உயிர் போனது. உங்களுக்கு யார் வாசிக்கிறார்கள்? முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தார் மேல் கோலமாவு தூவியதுபோல மணல் படிந்திருக்கும். காலையில் இல்லாத இடத்தில் மதியம் இருக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் டயருக்குப் பிடிமானம் ஏது? ஓரத்தில் பாறாங்கற்கள். சங்கும் சோழியும் விற்கும் கடைகள், கருவாடு காயப் போட்டிருக்கும் குடும்பங்கள், அரிச்சல்முனையில் செல்ஃபி எடுக்கப் பின்பக்கமாகவே நடந்து வருகிற வெளியூர்க்காரர்கள். போதாக்குறைக்கு உப்புக் காற்று. இந்தக் கரையில் நிற்கிற பழைய கார்களில் முதலில் அரிப்பது கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகம், பிரேக் குழாய் உட்பட. கடைசியாக எப்போது காரைத் தூக்கி அடியில் பார்த்தீர்கள்?

கைதட்டுகிறார்கள் என்கிறீர்கள். சிண்ட்ராவில் நின்றவர்களும் கைதட்டத்தான் வந்தார்கள். உங்கள் சாலையில் பாதிப் பேர் அதற்குக்கூட வரவில்லை; கடலைப் பார்க்க வந்தவர்கள். உங்கள் உயிரைப் பணயம் வைக்க உங்களுக்கு ஆசை இருக்கலாம், அவர்களுடையதை வைக்க உங்களிடம் யார் கொடுத்தது? பொதுச் சாலையில் பந்தயம் விடுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் போலீஸுக்குப் பயந்து நிறுத்தச் சொல்லவில்லை, அந்தக் குடும்பங்களை நினைத்து நிறுத்துங்கள்.

ஆசையை விடச் சொல்லவும் மாட்டேன். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தய ஓடுதளம் இருக்கிறது, கோவை செட்டிப்பாளையத்தில் இன்னொன்று. லைசென்ஸ் எடுத்து, ஹெல்மெட் போட்டு, தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் நிற்கும் இடத்தில் ஓட்டலாம். குவாட்ரோ ஓட்டி 1981-82இல் நான்கு உலக ரேலிகளை வென்ற பிரெஞ்சுப் பெண் டிரைவர் மிஷேல் மூட்டோன், பின்னாளில் அதே உலக ரேலிப் போட்டிகளின் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றார். அவருக்கு இருந்த கார் வெறி உங்களுக்கும் எனக்கும் இருப்பதைவிடக் குறைந்ததல்ல.

கையில் பணம் இல்லை என்றால் முதலில் மார்ஷலாகப் போங்கள். தமிழ்நாட்டில் ரேலி நடத்தும் மோட்டார் கிளப்புகளுக்குத் தொண்டர்கள் எப்போதும் தேவை. கார்கள் பறக்கிற பாதையின் ஓரத்தில், கொடியும் விசிலுமாக நின்று, கூட்டத்தைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி வைக்கும் வேலை. ஒரு ரேலி அப்படி நின்றுவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.